சாம் மானெக்‌ஷா நினைவு நாள்: 1971-இல் அந்த ஏழு மாதக் காத்திருப்பு யாருடைய முடிவு?

சாப்பர்_மகன்:

இன்று ஜூன் 27. 2008-இல் இதே நாள், நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில், நீலகிரி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 1971 வங்கதேசப் போரின்போது தரைப்படைத் தலைவராக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா காலமானார். வயது 94. நிமோனியா.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய வேடிக்கைப் பேச்சுகள் வரிசையாக வந்து விழும். பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹ்யா கானுக்கு விற்ற மோட்டார் சைக்கிள் கதை, இந்திரா காந்தியை ‘ஸ்வீட்டி’ என்று அழைத்த கதை. என் அப்பா இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மெட்ராஸ் சாப்பர், அதாவது ராணுவப் பொறியாளர் படைக்காரர். பெங்களூரில் பயிற்சி முடித்து, 1971 போரின்போது மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தார். அப்போது அவருக்கு 23 வயது. நான்கு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார்.

கண்ணிவெடி எடுப்பதுதான் அவர் வேலை. பேரப்பிள்ளைகள் கேட்டால் உடைந்த குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு வாசல் மண்ணில் குப்புறப் படுத்துவிடுவார். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, சாய்வாக விட வேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால் கை அங்கேயே நின்றுவிட வேண்டும். எடுத்து முடித்த பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்களாம். பின்னால் டாங்கிகள் அந்த நாடாவை நம்பித்தான் வரும். குழந்தைகள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார்.

சாமைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “அந்த மனுஷன் எங்களை அவசரப்படுத்தலை.”

அப்பா போன பிறகு அவருடைய கறுப்புத் தகரப் பெட்டியைத் திறந்தோம். டிஸ்சார்ஜ் புத்தகம், பஸ்சிமி ஸ்டார், சங்கராம் மெடல், சுதந்திர வெள்ளி விழா மெடல், அப்புறம் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு இன்லேண்டு லெட்டர். அந்தக் கட்டை மட்டும் அம்மா இன்னும் யாரையும் தொட விடவில்லை.

என் கேள்வி இதுதான். 1971 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி கேட்டதாகச் சொல்லப்படும் போரை டிசம்பர் வரை தள்ளிப்போட்டது உண்மையிலேயே சாம்தானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நொய்யல்கரை:

அப்பாவுக்கு என் வணக்கம் சகோ.

சாம் தம் ஓய்வுக் காலத்தில் மேடைகளில் சொன்னபடி பார்த்தால், ஆம், அவர்தான். 1971 மார்ச் 25 இரவில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ அடக்குமுறை தொடங்கியது. அகதிகள் வங்காளம், அஸ்ஸாம், திரிபுரா என்று வந்து குவிந்தார்கள். ஏப்ரல் கடைசியில் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டு, உள்ளே போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் சாம்.

அவர் அடுக்கிய காரணங்களை நினைத்துப் பாருங்கள். பருவமழை வரப்போகிறது, அங்கே ஆறெல்லாம் கடலாகிவிடும், வயல் எது தண்ணீர் எது என்று தெரியாது. இமயத்தில் பனி உருகிக் கணவாய்கள் திறந்துவிடும், சீனா வந்தால் இரண்டு பக்கமும் அடி. பஞ்சாபில் கோதுமை அறுவடை நேரம், ரயில் வண்டிகளை எல்லாம் படைக்கு எடுத்துக்கொண்டால் தானியம் தேங்கி நாட்டில் பஞ்சம் வரும். கவச டிவிஷனில் ஓடும் நிலையில் இருந்த டாங்கிகளோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இப்போது போனால் நூற்றுக்கு நூறு தோல்வி என்று நேருக்கு நேர் சொல்லி, வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பிரதமர் அதை ஏற்கவில்லை. எனக்கு நாள் கொடுங்கள், நான் ஜெயித்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

வரலாற்று_மாணவி:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பல வருடங்கள் கழித்து சாமே சொன்னது. பின்னால் ஸ்ரீநாத் ராகவன், சந்திரசேகர் தாஸ்குப்தா போன்றவர்கள் பிரதமரின் செயலராக இருந்த பி.என். ஹக்ஸரின் காகிதங்களையும் அரசுக் குறிப்புகளையும் வைத்து எழுதியபோது வேறு சித்திரம் கிடைத்தது. ஏப்ரலில் உடனே போர் தொடுக்கும் எண்ணம் இந்திராவுக்கோ ஹக்ஸருக்கோ இருந்ததாகத் தெரியவில்லை. உலகத்தைத் தன் பக்கம் திருப்பாமல் இறங்கினால் இந்தியாதான் ஆக்கிரமிப்பாளன் என்று பெயர் வாங்கும் என்பது அவர்களுடைய கவலை. ஆகஸ்ட் 9-இல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம், அக்டோபர் கடைசியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று பிரதமரின் பயணம், இதெல்லாம் அந்தக் காத்திருப்புக்குள்தான் நடந்தது.

இன்னொன்று, கிழக்குக் கட்டளையில் தளபதிக்கு அடுத்த நிலையில் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ ஆக இருந்த ஜேக்கப், ஏப்ரல் தொடக்கத்தில் சாம் தம்மைத் தொலைபேசியில் அழைத்து உடனே நகரச் சொன்னதாகவும், நவம்பர் 15-க்கு முன்னால் முடியாது என்று தாம்தான் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். சாமின் உத்தரவில் சிட்டகாங், குல்னா துறைமுகங்கள்தான் இலக்காக இருந்தன, டாக்கா இல்லை என்பதும் ஜேக்கப்பின் வாதம்.

எனவே, எல்லாரும் போ போ என்றார்கள், ஒரே ஒரு ஆள் தடுத்து நிறுத்தினார் என்ற படம் சினிமாவுக்குத்தான் பொருந்தும். முடிவில் பலருக்குப் பங்கு இருந்தது.

ஓய்வு_சுபேதார்:

நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1971-க்குச் சில வருடங்கள் கழித்துச் சேர்ந்தவன், அதனால் போரைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களோடு ஒரே பாரக்கில் படுத்திருக்கிறேன்.

மகளே, நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. டில்லியில் பலர் பல விதமாக யோசித்திருப்பார்கள். ஆனால் முடியாது என்ற வார்த்தையைப் படையின் சார்பில் சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஜேக்கப் சாமிடம் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அதை மேலே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியவர் யார்? மாட்டேன் என்பதைக் கீழே இருந்து மேலே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யூனிஃபார்ம் போட்டவனுக்குத் தெரியும்.

அதைவிட, கிடைத்த ஏழு மாதத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது. கிருஷ்ணாநகரில் இரண்டாவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) புதிதாக எழுப்பப்பட்டது. அகர்தலா பக்கம் நல்ல சாலை கிடையாது, மீட்டர் கேஜ் ரயில்தான். அந்த வழியாகவே ரேஷன், குண்டு, பெட்ரோல், பாலம் கட்டும் சாமான் எல்லாம் மழைக்காலம் முழுக்க உள்ளே போய்ச் சேர்ந்தது. வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாகினிப் பையன்களுக்குப் பயிற்சி நடந்தது. அப்புறம்தான் டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கு விமானதளங்களைத் தாக்கின. அன்றிலிருந்து எண்ணினால் பதின்மூன்றே நாள், டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு முன்பே, டிசம்பர் 9-இல், நான்காவது கோர் தளபதி சகத் சிங்கின் ஆட்கள் மேக்னா ஆற்றை ஹெலிகாப்டரில் தாண்டினார்கள். மே மாதம் உள்ளே போயிருந்தால் அந்த ஆற்றங்கரையில் எத்தனை பையன்கள் சேற்றில் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கவே மனசு வரவில்லை.

டாக்கா பேப்பரில் இருந்ததா இல்லையா என்பதைப் படித்தவர்கள் பேசுங்கள். சரணடையும் சடங்குக்கு நான் போகவில்லை, கிழக்குக் கட்டளைத் தளபதி அரோரா போகட்டும், அது அவருடைய போர் என்று ஒதுங்கி நின்றவர் சாம். அது எனக்குப் போதும்.

நீலகிரி_குளிர்:

நான் குன்னூர். எங்களுக்கு அவர் போர் நாயகன் என்பதைவிட ஊர்க்காரர். ஓய்வுக்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் இங்கேயே இருந்தவர். வீட்டின் பெயர் ‘ஸ்தாவ்கா’. ரஷ்யப் படைத் தலைமையகத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

வெலிங்டனுக்கும் அவருக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1959-இல் இங்குள்ள ஸ்டாஃப் காலேஜுக்கு, அதாவது ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்று வந்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கு நெருக்கமான ஜெனரல் கௌலுக்கும் இவரைப் பிடிக்கவில்லை. மேலதிகாரிகளின் போக்கை வாய்விட்டு விமர்சிப்பவர், வெள்ளைக்காரப் பழக்கங்களை விடாதவர் என்றெல்லாம் சொல்லி 1961-இல் விசாரணையே வைத்தார்கள். வேலை போயிருக்க வேண்டியது. தௌலத் சிங் தலைமையில் நடந்த அந்த விசாரணை, குற்றமில்லை என்று விடுவித்தது. தம்மைக் கிட்டத்தட்ட முடித்துவிட்ட அதே ஊரைத்தான், எல்லாப் புகழும் வந்த பிறகு, வாழ்வதற்குத் தேர்ந்தெடுத்தார்.

2008-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அன்று வெள்ளிக்கிழமை. பாட்டி தம் பெட்டிக்கடையை அரை நாள் சாத்திவிட்டார். பண்டிகைக்குக்கூடச் சாத்தாதவர். ஊட்டியில் உள்ள பார்சி கல்லறைத் தோட்டத்தில், 2001-இல் இறந்த மனைவி சில்லூவின் பக்கத்திலேயே, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் வரவில்லை. பிரதமர் வரவில்லை. பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, இணை அமைச்சர் பல்லம் ராஜுதான் வந்தார். தேசியத் துக்கமும் அறிவிக்கவில்லை. நாட்டுக்கு ஒரு முழு வெற்றியைக் கொடுத்தவரை வழியனுப்ப மலை ஏறி வர ஒருவருக்கும் நேரம் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சாப்பர்_மகன்:

@நீலகிரி_குளிர், இதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

சம்பள பாக்கி விஷயமும் அப்படித்தான் இல்லையா? ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பதே கிடையாது, கடைசி வரை முழுச் சம்பளம் என்பது விதி. 1973 ஜனவரியில் பட்டம் கொடுத்தார்கள். சேர வேண்டிய பணம் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்டது 2007-இல், ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். அப்போது அவருக்கு 93 வயது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் வெலிங்டன் மருத்துவமனைக்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனதும் அந்தக் காலத்தில்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வர பதினான்கு மாதம் ஆனது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மா பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது, ஆதாரில் வேறு மாதிரி. ஒவ்வொரு கவுண்டரிலும் அம்மா அந்தப் புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து நீட்டுவார். பட்டம் பெற்ற தளபதிக்கே முப்பத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

ஓய்வு_சுபேதார்:

தம்பி, இந்த இழையைப் படிக்கும் முன்னாள் படைவீரர் யாராக இருந்தாலும் இன்றைக்கே உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்து மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போய், உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் (ஆவண) அலுவலகத்துக்கு எழுதித் திருத்திவிடுங்கள். நீங்கள் போன பிறகு அந்தப் பெண் தனியாக அலையக் கூடாது. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம்.

வரலாற்று_மாணவி:

சுபேதார் ஐயா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். ஏப்ரல் கூட்டத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் அது பாதி விஷயம்தான். முடியாது என்று சொல்லும் மனம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன்.

1942 பிப்ரவரி 22, பர்மா, சிட்டாங் ஆறு. ஜப்பானியர் கைக்குப் போன பக்கோடா குன்றைத் திருப்பிப் பிடிக்க, எல்லைப்புறப் படைப்பிரிவின் ஒரு கம்பெனியை நடத்திப் போகிறார் 27 வயது சாம். குன்று கைக்கு வருகிறது, அவர் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்கின்றன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த மூத்த அதிகாரி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாது என்பதால் தம் சட்டையிலிருந்த பதக்க நாடாவைக் கழற்றி அவருக்குக் குத்தினார். இந்தக் காட்சியை எல்லாரும் சொல்கிறோம். அவரைத் தூக்கிக்கொண்டு போன ஆர்டர்லி ஷேர் சிங்கை அவ்வளவாகச் சொல்வதில்லை. கைவிட இருந்த ஆஸ்திரேலிய மருத்துவரை விடாமல் மன்றாடி அறுவை செய்ய வைத்தவர் அவர்தான். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று ஏழு குண்டுகள் எடுத்தார்களாம்.

மறுநாள் விடியும் முன் அந்த ஆற்றுப் பாலத்தை நம்மவர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். பின்வாங்கும் டிவிஷனின் பெரும்பகுதி அப்போது எதிர்க்கரையில் இருந்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நீந்தியவர்கள் சிலர், முழுகியவர்கள் பலர்.

இருபது வருடம் கழித்து 1962, சீனப் போர். நம்கா சூ ஆற்றங்கரைக்குப் பருத்திச் சீருடையிலும் கேன்வாஸ் ஷூவிலும் ஆட்களை அனுப்பினோம். எல்லாம் குலைந்த பிறகு, நவம்பர் கடைசியில் தேஸ்பூரில் நான்காவது கோரைச் சரிப்படுத்த அனுப்பப்பட்டவர் சாம். எழுத்து மூலமான உத்தரவில்லாமல் இனிப் பின்வாங்கல் கிடையாது, அந்த உத்தரவும் வராது என்றார். அதே வேகத்தில் ஆட்களுக்குக் கம்பளி உடை, தங்குமிடம், ரேஷன் என்று ஓடினார்.

தயாராகாத படைக்கு என்ன நேரும் என்பதை ஒரு முறை தம் வயிற்றிலும் ஒரு முறை தம் ஆட்களின் காலிலும் பார்த்தவர் அவர். 1971 ஏப்ரலில் யார் முதலில் முடியாது என்றார் என்பதை ஆவணங்கள் இன்னும் நுணுக்கமாகக் காட்டலாம். அந்த நாற்காலியில் சிட்டாங்கையும் தேஸ்பூரையும் பார்க்காத ஒருவர் இருந்திருந்தால் பதில் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வி.

நொய்யல்கரை:

அருமை. நான் சினிமாப் படம் மாதிரிதான் மனதில் வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஷேர் சிங் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

சாப்பர்_மகன்:

இந்தக் கேள்விக்கு இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தேஸ்பூர் பகுதி வந்தபோது இன்னொரு தடவை படி என்றார்.

டிசம்பர் 16-க்கு அம்மாவை நீலகிரிக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். @நீலகிரி_குளிர், எப்படி வரலாம்?

நீலகிரி_குளிர்:

வாருங்கள் அண்ணா. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை மலை ரயிலில் ஏறினால் குன்னூர் தாண்டி அடுத்து வெலிங்டன். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள். குன்னூர்–ஊட்டி சாலையில் அவர் பெயர் வைத்த பாலம் இருக்கிறது, பக்கத்திலேயே 2014-இல் வைத்த கருங்கல் சிலை. மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அதே வெலிங்டனில்தான். கல்லறைத் தோட்டம் ஊட்டியில். அது பார்சி சமூகத்துக்குரிய இடம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது மரியாதை. டிசம்பரில் உறைபனி இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர், குல்லா மறக்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

சாப்பர்_மகன்:

நன்றி தம்பி. கட்டாயம் வருகிறோம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நேற்று ராத்திரி அம்மா அந்த இன்லேண்டு லெட்டர் கட்டை அவிழ்த்தார். ஒன்றை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். அப்பா தம் அம்மாவுக்கு எழுதியது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. விலாசத்தில் ஊர் பெயர் கிடையாது, 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் அலுவலக எண்) என்று மட்டும் இருக்கிறது. தேதி 1971 அக்டோபர் 19. பென்சில் எழுத்து, அப்படியே தருகிறேன்:

“அம்மாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. தினமும் ஒரே வேலை, மண்ணைக் குத்துவது, திரும்பக் குத்துவது, அலுத்துப்போகிற வரைக்கும் குத்தச் சொல்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது, நீ கவலைப்படாதே. இந்த வருஷம் கம்பளிச் சட்டை முன்னாடியே கொடுத்துவிட்டார்கள். பூட்ஸும் புதுசு.”